கழுத்தில் அடி என்றால் எதில் அடி? அமெரிக்க ஃபுட்பாலில் ஆட்டத்தையே முடித்துவைக்கும் காயங்கள்

1994 பருவத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ஸ்டெர்லிங் ஷார்ப் பந்தைப் பிடித்து 18 டச்டவுன் அடித்தார். பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்ப்பதுதான் டச்டவுன். அந்த ஆண்டு என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் வேறு யாரும் அத்தனை பிடிக்கவில்லை. பருவம் முடியப்போகிற நேரத்தில் கழுத்தில் அடிபட்டது. கை கால் நன்றாக இயங்கின, நடந்தார், பேசினார். ஆனால் 29 வயதில் அவர் ஆட்டம் முடிந்துபோனது.

பெய்ட்டன் மேனிங்குக்கும் கழுத்துதான். 2011 பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. பந்தெறியும் வலக்கை பலமிழந்திருந்தது. இத்தனைக்கும் பிறகு திரும்பி வந்து, 2013இல் ஒரே பருவத்தில் 55 டச்டவுன் பாஸ் எறிந்து சாதனை படைத்தார். 2016 பிப்ரவரியில் டென்வர் பிராங்கோஸ் அணியோடு, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் வென்றார்.

பஃபலோ பில்ஸ் அணியின் கெவின் எவரெட் 2007 செப்டம்பர் 9 அன்று ஓர் எதிரணி வீரர்மேல் மோதி, விழுந்த இடத்திலேயே அசைவற்றுக் கிடந்தார். இனி நடப்பது சந்தேகம் என்றார்கள். சில மாதங்களில் நடந்தார். ஆனால் ஆட வரவில்லை.

மூன்றையும் "கழுத்தில் அடி" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அதனால்தான் குழப்பம். கழுத்து முறிந்தால் எல்லாம் போச்சு என்று ஒருவர் சொல்கிறார். எழுந்து நடந்துவிட்டாரே, அப்புறம் ஏன் விலகினார், பயந்துவிட்டாரா என்று இன்னொருவர் கேட்கிறார். ஹெல்மெட் போட்டிருக்கும்போது கழுத்துக்கு என்ன வந்தது என்று மூன்றாமவர். மூன்று பேச்சும் தவறு. முதலில் கேட்க வேண்டியது எலும்பு உடைந்ததா என்பதல்ல. எலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்கு என்ன ஆனது, அதைச் சுற்றி இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

## ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி

இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். பந்து வைத்திருப்பவரை எதிரணி மோதிக் கீழே சாய்க்கும். அதற்கு டேக்கிள் என்று பெயர். பக்கத்துக்கு 11 பேர். தலையில் கெட்டியான ஹெல்மெட், தோளில் தடித்த பேட். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவது இதில் அன்றாடம். என்.எஃப்.எல். என்பது இதை 32 அணிகளோடு நடத்தும் தொழில்முறை லீக்.

## கழுத்துக்குள் என்ன இருக்கிறது

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் அடுக்கியிருக்கின்றன. தலைக்குக் கீழே தொடங்கி சி1, சி2 என்று சி7 வரை எண்ணுவார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை உண்டு. துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழாய் ஆகிறது. அந்தக் குழாய் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. மூளை உடம்புக்கு அனுப்பும் உத்தரவும், உடம்பு மூளைக்கு அனுப்பும் உணர்ச்சியும் போய்வருகிற நரம்புக் கற்றை அது.

கை நிறையக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கையை நினைத்துக்கொள்ளுங்கள். வளையல்கள் எலும்பு, கை தண்டுவடம். எங்கேயாவது இடித்து ஒரு வளையல் உடைகிறது. கையில் கீறல்கூடப் படாமல் போகலாம். இன்னொரு தடவை எதுவும் உடையாமலே ஒரு வளையல் கோணலாக நகர்ந்து சதையைக் கிள்ளிவிடலாம். வளையல் தளர்வாக இருந்தால் சின்ன இடி கையில் ஏறாது. இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு இடியும் கையில்தான் விழும்.

இதை அப்படியே கழுத்துக்குள் பொருத்திப் பாருங்கள். எலும்பு உடைந்தும் தண்டுவடம் தப்பிக்கலாம். எலும்பு உடையாமலே தண்டுவடம் நசுங்கலாம். கழுத்தின் நடுப்பகுதியில் அந்தக் குழாய் முன்பின்னாகச் சராசரியாக 17 மில்லிமீட்டர் இருக்கும். தண்டுவடம் அதில் பாதியளவு இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் ஒரு திரவம் நிறைந்திருக்கிறது. இடியை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். இந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளிதான் ஒரு ஆட்டக்காரரின் முழு இருப்பு என்றே சொல்லலாம்.

இன்னும் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் மெத்தை டிஸ்க். தண்டுவடத்திலிருந்து இடத்துக்கும் வலத்துக்கும் கிளை பிரிந்து கைக்குப் போகிற நரம்பின் தொடக்கம் நரம்பு வேர். தண்டுவடமும் நரம்பு வேரும் ஒன்றல்ல. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிறைய விஷயம் இதில்தான் தொங்குகிறது.

## எந்த எலும்புக்கு நேராக அடி?

தண்டுவடத்தில் எந்த உயரத்தில் அடிபடுகிறதோ, அதற்குக் கீழே போகும் தொடர்புதான் பாதிக்கப்படும். அதனால் மேலே போகப்போக ஆபத்து கூடுகிறது. மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்கான நரம்பு சி3, சி4, சி5 பகுதியிலிருந்து கிளம்புகிறது. அதற்கு மேலே தண்டுவடம் முழுதாக அறுபட்டால் தானாக மூச்சுவிட முடியாது. அதற்குக் கீழே என்றால் மூச்சு இருக்கும். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றாக மிஞ்சும்.

1978 ஆகஸ்ட் 12, ஓக்லண்ட். பருவத்துக்கு முந்தைய பயிற்சிப் போட்டி, புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் டேரில் ஸ்டிங்லி எட்டாத ஒரு பந்துக்காகத் தாவி முன்னால் சாய்ந்தார். எதிரே ஓடிவந்த ஜாக் டேட்டம் அவர்மேல் மோதினார். சி4, சி5 எலும்புகள் சிதைந்தன. ஸ்டிங்லிக்கு அப்போது வயது 26. கையும் காலும் செயலிழந்து, 2007இல் இறக்கும்வரை சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். அந்த மோதலுக்கு நடுவர்கள் தண்டனைகூடத் தரவில்லை. அன்றைய விதிப்படி அது தவறான மோதலே இல்லை. எத்தனை தடவை படித்தாலும் மனம் ஆறாத விஷயம் இது.

1991 நவம்பர் 17 அன்று டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் மைக் அட்லிக்கு அடிபட்டது இன்னும் கீழே, சி6, சி7 பகுதியில். மார்புக்குக் கீழே செயலிழந்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது அவர் கூட்டத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்தக் காட்சியை அமெரிக்காவில் பலர் மறக்கவில்லை. மன உறுதியின் அடையாளம் என்பார்கள், அது உண்மைதான். கூடவே, அடி சற்றுக் கீழே விழுந்ததால்தான் அந்தக் கை அவருக்கு மிஞ்சியது.

2017இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ரையன் ஷேஸியருக்கு ஏற்பட்டதையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அவருக்கு அடிபட்டது கழுத்துக்குக் கீழே, முதுகுத் தண்டில். கால்கள்தான் பாதிக்கப்பட்டன. மீண்டும் நடக்கக் கற்றுக்கொண்டார். 2020இல் ஓய்வை அறிவித்தார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எலும்பு ஒரு கூடு, உள்ளே இருக்கும் தண்டுவடம்தான் சொத்து. எங்கே அடி, எவ்வளவு ஆழமான அடி என்பதைப் பொறுத்து விளைவு மாறும். எலும்பு கூடிவிடும். தண்டுவடத்தின் நரம்பிழைகள் அறுந்தால் எலும்பு போலத் திரும்ப வளர்ந்து ஒட்டிக்கொள்வதில்லை.

## குனிந்து மோதினால் ஏன் கழுத்து போகிறது

ஒரு சின்னச் சோதனை. நிமிர்ந்து உட்கார்ந்து பிடரியில் விரல்களை வையுங்கள். கழுத்து உள்வாங்கி லேசாக வளைந்திருப்பது தெரியும். இப்போது மோவாயை மெல்ல நெஞ்சுப் பக்கம் இறக்குங்கள். சுமார் 30 டிகிரி குனிந்ததும் அந்த வளைவு மறைந்து கழுத்து நேராகிவிடும்.

வளைவு இருக்கும்வரை கழுத்துக்கு வழி உண்டு. தலையில் விழும் இடியை வளைந்துகொடுத்து வாங்கும். தசையும் தசைநாரும் பங்கு போட்டுக்கொள்ளும். நேரானதும் அந்த வழி அடைபடுகிறது. உச்சந்தலையில் விழும் இடி நேராக எலும்பு அடுக்கின்மேல் இறங்குகிறது. மருத்துவர்கள் சொல்லும் நெடுக்கு அழுத்தம் இதுதான்: தூணின் நீளவாக்கில் மேலிருந்து கீழாக விழும் அழுத்தம்.

மோதலில் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். ஒருவர் தலையைக் குனிந்து, ஹெல்மெட்டின் உச்சியால் எதிராளியை முட்டுகிறார். தலை சட்டென்று நிற்கிறது. ஆனால் நூறு கிலோ உடம்பு பின்னாலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நின்ற தலைக்கும் நிற்காத உடம்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. முதலில் டிஸ்க்குகள் நசுங்குகின்றன. தாங்கும் எல்லை கடந்ததும் அடுக்கு ஏதோ ஓரிடத்தில் மடங்கி, ஒரு எலும்பு நொறுங்கும் அல்லது பக்கத்து எலும்பை விட்டு விலகும். எல்லாமே கண் இமைக்கும் நேரத்துக்குள். கழுத்துத் தசை எவ்வளவு திரண்டிருந்தாலும், சுதாரிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. கழுத்துக்கு நன்றாக உடற்பயிற்சி செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நியூயார்க் ஜெட்ஸ் அணியின் டென்னிஸ் பர்டுக்கு 1992 நவம்பர் 29 அன்று நடந்தது அச்சாக இதுதான். எதிரணியில் பந்தெறியும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்ந்தார். குவார்ட்டர்பேக் முன்னால் நகர்ந்துவிட, மறுபக்கத்திலிருந்து ஓடிவந்த தன் அணிக்காரர் ஸ்காட் மெர்சேரோவின் நெஞ்சில் பர்டின் தலை மோதியது. சி5 நொறுங்கியது. மோதியது எதிராளியோடு அல்ல. பர்டு பிற்பாடு நடந்தார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தன்று மைதானத்தின் நடுவே நடந்து வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. ஆட்டத்துக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை.

இந்த இயக்கத்தைக் கண்டுபிடித்ததற்கே ஒரு கதை உண்டு. 1970களில் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் கழுத்துக் காயங்கள் கூடிக்கொண்டே போயின. தலை பின்னால் மடங்கும்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு கழுத்தில் வெட்டுகிறது என்று அப்போது நம்பினார்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஜோசப் டார்க் 1975இல் நாடு முழுக்க இந்தக் காயங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். அடிபட்ட ஆட்டங்களின் படச்சுருள்களை வாங்கி ஓட்டிப் பார்த்தார். குற்றவாளி பின்விளிம்பு அல்ல, உச்சந்தலையால் முட்டுவது என்று தெரிந்தது. ஹெல்மெட் நன்றாக ஆக ஆக, முட்டினால் தலை வலிக்கவில்லை. தலை வலிக்காததால் தலையையே ஆயுதமாக்கினார்கள். மண்டையைக் காப்பாற்றிய அதே பொருள் கழுத்தைக் காட்டிக்கொடுத்தது.

1976இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டி மோதுவதைத் தடை செய்தார்கள். டார்க் வைத்திருந்த பதிவேட்டில் கை கால் முழுக்கச் செயலிழந்தவர்கள் 1976இல் 34 பேர். 1984இல் 5 பேர். புது மருந்தோ புதுக் கருவியோ வரவில்லை. மாறியது ஒரு விதியும், பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்த முறையும்தான். விளையாட்டு மருத்துவத்தில் என்னை இந்த அளவுக்கு நெகிழவைக்கும் எண்கள் வேறு இல்லை.

ஆழம் தெரியாத கிணற்றிலோ ஆற்றிலோ தலைகீழாகக் குதித்துக் கழுத்தை முறித்துக்கொள்கிறவர்களுக்கு நடப்பதும் இதேதான். தலை தரையில் நிற்கிறது, உடம்பு பின்னால் வருகிறது. ஃபுட்பால் பார்க்காதவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம்.

## நடக்கிறவர் ஏன் விலகுகிறார்

இனி வருவதுதான் அதிகம் தவறாகப் பேசப்படும் பகுதி.

ஆட்டத்தில் அடிக்கடி பார்க்கலாம்: மோதிய ஒருவர் எழுந்து, ஒரு கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டே வெளியே வருவார். தோளிலிருந்து விரல்வரை தீப்பற்றியது போல எரியும். இதை ஸ்டிங்கர் என்பார்கள். நரம்பு வேரோ, தோளுக்குப் போகும் நரம்புக் கூட்டமோ இழுபட்டு அல்லது நசுங்கியதால் வருவது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது, இது ஒரு கையில் மட்டும் வரும்.

இரண்டு கையிலும் எரிச்சல், மரப்பு, அல்லது கையோடு காலும் போனால் கதை வேறு. அங்கே தொந்தரவு நரம்பு வேரில் இல்லை, தண்டுவடத்திலேயே. தண்டுவடம் ஒரு கணம் கிள்ளுப்பட்டு, வேலையை நிறுத்தி, சில நிமிடத்திலோ ஓரிரு நாளிலோ மறுபடி தொடங்கிவிடும். இதைத் தற்காலிகத் தண்டுவடச் செயலிழப்பு என்று சொல்லலாம். ஆட்டக்காரர் எழுந்து நடந்துவிடுவார். பார்க்கிறவர்களும் அப்பாடா என்பார்கள். மருத்துவர் மட்டும் நிம்மதியாக இருக்கமாட்டார். ஏன் கிள்ளுப்பட்டது என்று அவர் கேட்பார்.

பல சமயம் பதில், குழாய் குறுகலாக இருக்கிறது என்பதுதான். இதற்கு ஸ்டெனோசிஸ் என்று பெயர். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. சிலருக்கு டிஸ்க் பிதுங்கியோ எலும்பு முளைத்தோ இடம் குறைந்திருக்கும். முன்பின் அளவு 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறுகல் என்பது வழக்கமான கணக்கு. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகலாம். வாரத்துக்கு ஐம்பது தடவை மோதுகிறவருக்கு அப்படியல்ல. அந்த இறுக்கமான வளையல் ஒவ்வொரு இடியையும் கையிலேயே இறக்கும்.

டல்லஸ் கௌபாய்ஸ் அணியோடு மூன்று சூப்பர் பவுல் வென்ற மைக்கேல் இர்வின் 1999 அக்டோபர் 10 அன்று பிலடெல்பியாவில் பந்தைப் பிடித்து விழுந்தபோது தலை தரையில் குத்தியது. கொஞ்ச நேரம் உடம்பு அசையவில்லை. அவர் அசைவற்றுக் கிடந்தபோது எதிரணி ரசிகர்கள் சிலர் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். இன்றுவரை அந்த ஊருக்கு அது ஒரு வடு. இர்வின் தேறிவிட்டார். பரிசோதனையில் குழாய் குறுகல் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார்.

நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் டேவிட் வில்சன் கதை இன்னும் மனதைப் பிசைகிறது. கழுத்தில் டிஸ்க் பிரச்சினை, குழாயும் குறுகல். 2014 ஜனவரியில் அறுவை சிகிச்சை. கோடையில் பயிற்சிக்குத் திரும்பினார். ஒரு சாதாரணப் பயிற்சி மோதலில் மறுபடி கை கால்களில் அந்த உணர்வு. ஆகஸ்டில் ஆட்டத்தை விட்டார். வயது 23. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும்போது முதல் சுற்றிலேயே தேர்வான ஓட்டக்காரர், ஓடக் கால் இருக்கிறது, உடம்பில் எந்த ஊனமும் இல்லை.

மேனிங் குடும்பத்திலேயே ஒருவர் இப்படி நின்றுபோனார். பெய்ட்டனின் அண்ணன் கூப்பருக்குப் பதினெட்டு வயதில் ஸ்டெனோசிஸ் கண்டுபிடித்தார்கள். ஆட்டம் அத்தோடு சரி. பெய்ட்டன் பின்னாளில் அணிந்த 18 என்ற எண் அண்ணனுடையது.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு கை எரிந்து அடங்கினால் பெரும்பாலும் நரம்பு வேர். இரண்டு பக்கமும் போனால் தண்டுவடம். இன்று நடக்க முடிவதால் நாளைய மோதலுக்கு இடம் மிச்சம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

## எலும்புகளை இணைத்தபின் ஆடலாமா

பிதுங்கிய டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒட்டுப்போட்டு ஒன்றாக்கிவிடுவது ஃபியூஷன். பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கமாகவே செய்கிறார்கள். இணைந்தபின் அந்த இடத்தில் அசைவு இருக்காது. அசையவேண்டியதை அதற்கு மேலும் கீழும் உள்ள எலும்புகள் சேர்த்து அசைய வேண்டும். சுமை அங்கே கூடும்.

ஒரே ஒரு இடத்தில் ஃபியூஷன், நன்றாக ஒட்டிவிட்டது, தண்டுவடத்தைச் சுற்றி இடம் இருக்கிறது என்றால் பலர் திரும்ப ஆடியிருக்கிறார்கள். மேனிங்குக்கு 2011 செப்டம்பரில் நடந்தது அப்படி ஓரிட ஃபியூஷன். அவருக்கு நசுங்கியிருந்தது நரம்பு வேர். அதனால்தான் ஒரு கை மட்டும் பலமிழந்தது. பந்தெறிபவர் என்பதால் தலையைக் கொடுத்து மோதும் வேலையும் அவருக்கு இல்லை. ஆனாலும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி 2012 மார்ச்சில் அவரை விடுவித்தது. மறுநாள் 2 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. கழுத்தை நம்பி அவ்வளவு பணம் போட அணி தயாராக இல்லை.

ஷார்ப்புக்குத் தளர்ந்திருந்தது சி1க்கும் சி2க்கும் நடுவில். தலையை இடமும் வலமும் திருப்புகிறோமே, அதில் ஏறக்குறைய பாதி அந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது. அங்கே தளர்ந்தால் தண்டுவடத்தின் மேல்முனை, மூச்சுக்கான தொடர்பு உட்பட, ஆபத்தில் இருக்கிறது. அங்கே இணைத்துவிட்டால் தலை பாதி திரும்பாது. இரண்டு நிலையிலும் மோதும் ஆட்டம் கூடாது என்பதில் மருத்துவர்களிடையே பெரிய விவாதம் இல்லை.

விவாதம் நடப்பது நடுவில் இருக்கும் ஆட்களைப் பற்றி. டார்க் ஒரு அளவுகோல் சொன்னார்: எக்ஸ்ரேயில் குழாயின் அகலத்தை எலும்பின் அகலத்தால் வகுத்து, 0.8க்குக் கீழே வந்தால் குறுகல். எளிமையான கணக்கு. ஆனால் ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்கு எலும்பே பெரிது, அதனால் குழாய் சரியாக இருந்தும் பலருக்கு விகிதம் குறைவாக வந்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் ராபர்ட் கேன்டு போன்றவர்கள் எக்ஸ்ரே போதாது, எம்.ஆர்.ஐ. எடுத்துத் தண்டுவடத்தைச் சுற்றித் திரவம் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார்கள். திரவம் தெரியவில்லை என்றால் மிச்ச இடம் இல்லை என்று பொருள். எனக்கு இந்த வாதம்தான் சரியாகப் படுகிறது. இருக்கும் இடத்தை நேராகப் பார்க்கும் வசதி வந்தபின் விகிதத்தை வைத்து ஊகிப்பதில் நியாயம் இல்லை.

தற்காலிகச் செயலிழப்பு வந்தவர்களில் திரும்ப ஆடப்போனவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது மறுபடி வந்தது. குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு வாய்ப்பு அதிகம். அது நிரந்தரச் செயலிழப்பில் கொண்டுவிடுமா என்பதில்தான் நிபுணர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஆகவே ஒரே கழுத்துக்கு இரண்டு தீர்ப்பு கிடைப்பது சகஜம். பேக்கர்ஸ் அணியின் ஜெர்மைக்கேல் ஃபின்லிக்கு 2013 அக்டோபரில் தண்டுவடத்தில் அடிபட்டு, சி3, சி4 எலும்புகளை இணைத்தார்கள். அறுவை செய்த மருத்துவர் ஆடலாம் என்றார். எந்த அணியும் அவரை ஆடவைக்கவில்லை. இப்படி ஒருவர் வெளியேறும்போது கோழை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. பன்னிரண்டு வயதிலிருந்து ஒன்றுக்காகவே வளர்ந்த ஒருவர், தெரியாத ஒரு கணக்கின்மேல் தன் கை கால்களைப் பந்தயம் வைக்க மறுக்கிறார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

## ஏன் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை

மைதானத்தில் ஒருவர் அசைவற்றுக் கிடக்கிறார். மருத்துவக் குழு ஓடிவருகிறது. ஒருவர் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொள்கிறார். பிறகு அந்தக் கை நகருவதே இல்லை. முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியை மட்டும் கழற்றுகிறார்கள். ஹெல்மெட் அப்படியே இருக்கிறது. மூச்சுவிடக் கஷ்டப்படுகிறவரின் தலையில் அதை ஏன் விட்டுவைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

காரணம் தோளில் இருக்கிறது. பேட் தடிப்பாக இருப்பதால், மல்லாந்து கிடப்பவரின் தோள் தரையிலிருந்து உயர்ந்திருக்கும். தலையும் ஹெல்மெட்டின் தடிப்பால் அதே மட்டத்தில் இருக்கிறது. ஹெல்மெட்டை மட்டும் உருவினால் தலை பின்னால் சரியும். உடைந்த இடத்தில் எலும்பு நகர்ந்து, அதுவரை தப்பித்த தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். அதனால் இரண்டையும் விட்டுவைப்பார்கள், அல்லது தேர்ந்த ஆட்கள் இருக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கழற்றுவார்கள். மூச்சுக்கு வழிசெய்ய முகக் கம்பியை எடுத்தால் போதும்.

1997 டிசம்பர் 21 அன்று டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ரெஜி பிரவுனுக்கு மூச்சே நின்றுவிட்டது. மைதானத்திலேயே செயற்கைச் சுவாசம் கொடுத்து மீட்டார்கள். பிரவுன் பிற்பாடு நடந்தார். அந்தச் சில நிமிடங்கள் பிசகியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்கமாட்டார்.

எவரெட்டின் சி3க்கும் சி4க்கும் நடுவே எலும்பு உடைந்து விலகியிருந்தது. மருத்துவர் ஆண்ட்ரூ கப்புச்சினோ ஆம்புலன்ஸிலேயே குளிர்ந்த உப்புநீரை ரத்தத்தில் ஏற்றி உடம்பின் வெப்பத்தைக் குறைக்கத் தொடங்கினார். முதல் அடியில் சேதம் முடிந்துவிடுவதில்லை. வீக்கமும் ரத்த ஓட்டக் குறைவும் அடுத்த மணிகளில் இன்னும் நரம்பைத் தின்னும். அதைத் தடுக்கலாம் என்பது எண்ணம். சீக்கிரமே அறுவை செய்து அழுத்தத்தையும் நீக்கினார்கள். இரண்டு நாளில் காலை அசைத்தார், டிசம்பரில் பில்ஸ் மைதானத்துக்குத் தன் காலாலேயே வந்தார். குளிர் காப்பாற்றியதா, சீக்கிரம் அழுத்தம் நீங்கியதா, தண்டுவடம் முழுதாக அறுபடாமல் இருந்ததே காரணமா என்று மருத்துவர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அடிபட்ட முதல் ஓரிரு நாள் தண்டுவடம் அதிர்ச்சியில் உறைந்திருக்கும்; தப்பித்த பகுதியும் வேலை செய்யாது. அதனால்தான் முதல் நாள் சொல்லும் கணிப்பு இரண்டு பக்கமும் பொய்த்துப்போகிறது. செய்தி வந்த அன்றே "இனி நடக்கமாட்டார்" என்று பரப்புவதை நிறுத்தினால் நல்லது.

## விதிகள் எங்கே வந்து நிற்கின்றன

தொழில்முறை லீக் மெதுவாகத்தான் நகர்ந்தது. 2018இல் என்.எஃப்.எல். தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் எதிராளியின் உடம்பில் எங்கே மோதினாலும் தவறு என்று விதி கொண்டுவந்தது. தாக்குகிறவரைத்தான் இந்த விதி முக்கியமாகக் காப்பாற்றுகிறது. குனிந்து முட்டியவரின் கழுத்துதானே நேராகிறது!

எவரெட் அடிபட்டது கிக்ஆஃபில். பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் அந்தக் கட்டத்தில் ஒரு அணி முழுவதும் நெடுந்தூரம் ஓடிவந்து எதிரணியை மோதும். வேகம் மொத்தமும் கழுத்துக்கு வந்து சேரும் இடம் அது. 2024இல் லீக் அதையே மாற்றியது. உதைப்பவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 கெஜக் கோட்டில் நிற்கிறார்கள். எதிரணிக்காரர்கள் பெரும்பாலோர் ஐந்து கெஜம் தள்ளி, 35இலிருந்து 30க்குள் நிற்கிறார்கள். பந்து கீழே விழும்வரையோ யாராவது தொடும்வரையோ இரு தரப்பும் நகரக்கூடாது. ஓடிவந்து வேகம் சேர்க்கவே தூரம் இல்லை. கிக்ஆஃபுக்கு இப்படி ஒரு வழி செய்தாயிற்று. ஆட்டத்தின் நடுவில் நடக்கும் டேக்கிளில் குனிந்து முட்டுவதைத் தடுப்பது இன்னமும் நடுவரின் விசில் கையிலும், சின்ன வயதில் மோவாயை உயர்த்தி மோதச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் கையிலும்தான் இருக்கிறது.